ஆச்சியின் போனும் அழிந்துபோன ஒரு படமும்: போட்டோக்களை அடுக்கிய கதை

செமஸ்டர் தேர்வு ஒருவழியாக முடிந்தது. "அடுத்து என்ன எழுதப் போகிறாய்?" என்று கேட்ட இரண்டு பேருக்கும் (ஆமாம், இரண்டே பேர்தான்) நன்றி. இந்த முறை தலைப்பைத் தேடி நூலகத்துக்குப் போக வேண்டிய அவசியம் வரவில்லை. வீட்டிலேயே கிடைத்தது. நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்கும் கட்டுரை இது.

விடுமுறைக்கு ஊருக்குப் போன அன்றே ஆச்சி தன் போனை என்னிடம் நீட்டினார்.

"ஏல, எடமில்ல எடமில்லன்னு சொல்லுது. என்னன்னு பாரு."

ஆச்சிக்கு 78 வயது. போனில் 32 ஜிபி இடம். திறந்து பார்த்தால் 11,482 படங்கள்! பாதிக்கு மேல் ரோஜாப்பூ, சூரிய உதயம், முருகன், "இனிய காலை வணக்கம்". மீதியில் ஒரே படம் நான்கு தடவை, தரையைப் பார்த்து எடுத்த படம், கைவிரல் மறைத்த படம், எதையோ அழுத்தப் போய் எடுபட்ட ஸ்கிரீன்ஷாட். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மதியம் உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் ஆறாயிரத்துக்கும் மேல் அழித்தேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும் என்பதால் அதையும் காலி செய்தேன். பெருமையோடு போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஆச்சி கேட்டார். "ஏல, அடுப்படிச் சுவரு படம் ஒண்ணு கெடந்துச்சே, எங்க?"

"எந்தப் படம் ஆச்சி?"

"கருப்பா கோடு கோடா இருக்கும். எம் பெருவிரலு கூட விழுந்திருக்குமே."

எனக்கு ஞாபகம் இருந்தது. மங்கலான ஒரு சுவர். பாதிப் படத்தில் விரல். யோசிக்காமல் அழித்த முதல் நூறு படங்களில் அதுவும் ஒன்று.

அது எங்கள் பழைய வீட்டின் அடுப்படி. 2017இல் அந்த வீட்டை விற்றோம். சாவியைக் கொடுத்த அன்று காலையில் ஆச்சி எடுத்த படம் அது. சுவரில் இருந்த கோடுகள் பால் கணக்கு. அந்தக் காலத்தில் பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் கரிக்கட்டையால் சுவரில் ஒரு கோடு போடுவார்கள். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்துக் காசு கொடுப்பார்கள். கதவுக்குப் பின்னால் இருந்த அந்தக் கோடுகள் ஆச்சியின் மாமியார் கடைசியாகப் போட்டவை. அவர் இறந்த பிறகு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு வெள்ளையடிப்பார்களாம். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அவுகளுக்கு எழுதத் தெரியாதுல. கோடு போடத்தான் தெரியும். போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு கடைசி வரைக்கும் எடுத்துக்கவும் இல்ல" என்றார் ஆச்சி. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் படத்தின் நகல் எங்கேயும் இல்லை. யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. போனில் பேக்கப்பும் போட்டிருக்கவில்லை. தேடாத இடம் இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. எது நல்ல படம், எது குப்பை, எது எதோடு சேர வேண்டும் என்று முடிவு செய்ய நான் யார்? இதுவரை போட்டோக்களை யார் அடுக்கினார்கள், எந்தக் கணக்கில் அடுக்கினார்கள்? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாடத்தில் படித்த ஒரு விதி

வரலாறு படிக்கிறவர்களுக்கு ஆவணக் காப்பகம் பற்றி ஒரு பாடம் வரும். பிரான்சில் 1841ஆம் ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு அலுவலகத்திடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ வந்த காகிதங்களை ஒன்றாகவே வைக்க வேண்டும், வேறு இடத்திலிருந்து வந்தவற்றோடு கலக்கக் கூடாது என்றது அது. 1898இல் நெதர்லாந்தைச் சேர்ந்த முல்லர், ஃபைத், ஃப்ரூயின் ஆகிய மூவரும் எழுதிய கையேடு இன்னும் ஒரு படி மேலே போனது. காகிதங்களை உண்டாக்கியவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அந்த வரிசையை மதிக்க வேண்டும், நம் வசதிக்காகக் கலைத்து அடுக்கக் கூடாது என்றது.

காரணம் எளிது. எது எதன் பக்கத்தில் இருந்தது என்பதே ஒரு செய்தி. கலைத்துவிட்டால் அந்தச் செய்தி போய்விடும். இந்தக் கேள்விக்குத் தேர்வில் மூன்று பக்கம் எழுதியவன் நான். வீட்டில் மறந்துவிட்டேன்.

கேப்டனின் பட்டியலும் சாதிப் பட்டியலும்

புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839இல், பாரிஸில். இருபது வருடத்துக்குள் அது நம் ஊருக்கு வந்துவிட்டது. கம்பெனி ராணுவத்தில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவரை மதராஸ் அரசு தன் புகைப்படக்காரராக 1856இல் நியமித்தது. 1857 டிசம்பரில் புறப்பட்ட அவர் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். ஒரு அடிக்கும் மேல் நீளமான காகித நெகடிவ்களையும் மருந்துகளையும் சுமந்துகொண்டு அந்த வெயிலில் அலைந்ததை யோசித்துப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே நீளப் படமாக ஆக்கினார்.

அந்தப் படங்கள் 1858இல் ஊர்வாரியாகத் தொகுதிகளாக வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, கூடவே விளக்கம். அதாவது படம் எடுத்த உடனேயே, அது என்ன, எங்கே என்று எழுதி வைக்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. (1859இல் கவர்னராக வந்த டிரெவெல்யன் இது வீண் செலவு என்று கருதினார். வேலை நின்றுபோனது. பட்ஜெட் தகராறு அப்போதே உண்டு!)

பத்து வருடம் கழித்து இன்னொரு மாதிரியான அடுக்கல் நடந்தது. 1868 முதல் 1875 வரை லண்டனில் 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. 460க்கும் மேற்பட்ட படங்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, தாங்கள் ஆளும் மக்கள் யார் என்று தெரிந்துகொள்ள ஆங்கிலேயர்கள் செய்த முயற்சி. பல படங்களின் கீழே அந்த மனிதரின் பெயர் இருக்காது. சாதியின் பெயர் இருக்கும், இனக்குழுவின் பெயர் இருக்கும், அந்தச் சாதியின் குணம் இப்படி என்று ஒரு குறிப்பும் இருக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்குமே! கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை, அல்லது கேட்டும் எழுதவில்லை.

எனக்கு இது முக்கியமாகப் பட்டது. படத்தில் இருப்பவரைக் கேட்காமல் பெயர் வைத்து அடுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

அட்டையும் ஆல்பமும்

இதே காலத்தில் வீடுகளில் என்ன நடந்தது? 1854இல் பாரிஸில் டிஸ்தேரி என்ற புகைப்படக்காரர் ஒரு காப்புரிமை வாங்கினார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல சின்னப் படங்களை எடுத்து, வெட்டி, விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டித் தரும் முறை அது. விலை குறைந்தது. சொந்தக்காரர்களும் நண்பர்களும் அட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். அட்டைகள் சேர்ந்துபோனதும் அவற்றைச் செருகி வைக்கப் பக்கங்களில் துளை விட்ட ஆல்பங்கள் வந்தன. 1860இல் லண்டன் புகைப்படக்காரர் மேயால் விக்டோரியா மகாராணியின் குடும்பப் படங்களை விற்பனைக்கு விட்ட பிறகு இது ஒரு பைத்தியமாகவே ஆனது. மகாராணி ஒரு பக்கம், நம் அத்தை அடுத்த பக்கம் என்று ஆல்பம் நிறைந்தது.

ஆல்பத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பக்கங்களுக்குக் கணக்கு உண்டு. எது உள்ளே, எது வெளியே என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். இரண்டு, அதை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. வந்தவரை உட்கார வைத்துப் புரட்டிக்கொண்டே கதை சொல்ல வேண்டும். ஆல்பம் பாதி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆள் பாதி.

பொத்தானும் எழுத்தாணியும்

1888இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே நூறு படங்களுக்கான ஃபிலிம். எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். பத்து டாலர் கொடுத்தால் படங்களைக் கழுவி, புது ஃபிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் வந்த பிரௌனி கேமராவுக்கு ஒரே டாலர்தான் விலை. குழந்தைகள்கூட எடுக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள்.

அதிகம் எடுத்தால் எது எப்போது எடுத்தது என்று மறந்துபோகும் அல்லவா? அதற்கும் ஈஸ்ட்மன் 1914இல் ஒரு வழி செய்தார். இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஹென்றி கெய்ஸ்மன் என்பவரிடமிருந்து ஒரு கண்டுபிடிப்பின் உரிமையை 3,00,000 டாலர் கொடுத்து ஈஸ்ட்மன் வாங்கினார். 'ஆட்டோகிராஃபிக் கோடாக்' என்று பெயர். கேமராவின் முதுகில் ஒரு சின்னக் கதவு இருக்கும். படம் எடுத்தவுடன் அதைத் திறந்து, கூடவே வரும் உலோக எழுத்தாணியால் உள்ளே இருக்கும் காகிதத்தின் மேல் எழுதலாம். பிறகு சில நொடி வெளிச்சத்தில் காட்டினால் அந்த எழுத்து ஃபிலிமின் ஓரத்திலேயே பதிந்துவிடும். "அப்பா, கடற்கரை, மே 4" என்று உங்கள் கையெழுத்திலேயே படத்துக்குக் கீழே வரும்!

1930களின் தொடக்கத்தோடு அந்த வசதி முடிந்துபோனது. படம் எடுத்த நேரத்திலேயே, எடுத்தவர் கையாலேயே, யார் என்ன என்று எழுத வைத்த கருவி அது. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்டூடியோவும் டிரங்குப் பெட்டியும்

இனி நம் ஊர். ஆச்சிக்குக் கல்யாணம் நடந்தது 1966இல். அப்போது போட்டோ என்றால் ஸ்டூடியோதான். பின்னால் தொங்கும் திரையில் மாடிப்படியும் ஏரியும் வரைந்திருக்கும். மூன்று கால் ஸ்டாண்டு, கறுப்புத் துணி, "அசையாதீங்க". வாய்ப்பு ஒன்று, அல்லது இரண்டு. கொஞ்சம் வசதியானவர்கள் வீட்டில் அக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமரா இருக்கும். ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமை நம் ஊரிலேயே செய்தார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊட்டியில் மத்திய அரசின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டது. 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் போட்டோ காகிதமும் ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் வந்தன. கலர் பரவியதும் தொழில் தளர்ந்தது, 1990களில் நலிந்தது, பிறகு மூடியே போனது. டிஜிட்டல் வருவதற்கு முன்பே அடி விழுந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அந்தக் காலத்துப் படங்கள் மூன்று இடங்களில் இருந்தன. இதை நான் ஆச்சியிடம் கேட்டு எழுதுகிறேன்.

முதலாவது பட்டாசல் (திருநெல்வேலிப் பக்கம் ஹாலைப் பட்டாசல் என்போம்). சுவரின் உச்சியில் கொஞ்சம் முன்னால் சாய்ந்த மாதிரி சட்டம் போட்ட படங்கள். இறந்தவர்கள் ஒரு பக்கம், பொட்டும் மாலையுமாக. இருப்பவர்கள் எதிர்ப்பக்கம். ஒருவர் இறந்தால் படம் சுவர் மாறும்.

இரண்டாவது ஆல்பம். கறுப்பு அட்டைப் பக்கம், படத்தின் நான்கு மூலைகளிலும் சின்ன முக்கோணக் காகிதம், இடையில் மெல்லிய தாள். வந்தவர்களுக்குக் காட்ட.

மூன்றாவது டிரங்குப் பெட்டி. யாருக்கும் காட்டாதவை. பத்திரம், ஜாதகம், கடிதக் கட்டு, அவற்றோடு சில படங்கள். ஆச்சியின் அண்ணன் ரங்கூனிலிருந்து அனுப்பிய படம் அந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. கடிதத்தை எடுத்துவிட்டால் படத்தில் இருப்பவர் யாரோ ஒரு கோட்டுக்காரர்!

படங்களின் முதுகைப் பார்த்தேன். ஸ்டூடியோ முத்திரை, நெகடிவ் எண். சிலவற்றில் தாத்தாவின் கையெழுத்தில் பெயர், தேதி. அந்த டச்சுக்காரர்கள் 1898இல் எழுதிய விதியை எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை. ஆனால் சுவர், ஆல்பம், பெட்டி என்று ஒரு ஒழுங்கு தெளிவாக இருந்தது. அதை நடத்தியவர் ஆச்சி.

கடிகாரம் அடுக்கத் தொடங்கியது

1975இல் அதே கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் முதல் கையடக்க டிஜிட்டல் கேமராவைச் செய்தார். கையடக்கம் என்றால் மூன்றரை கிலோவுக்கு மேல் எடை! ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 நொடிகள். ஒரு கேசட்டுக்கு 30 படங்கள் என்று வைத்தார். இன்னும் அதிகம் பதியலாம்தான். ஆனால் ஃபிலிம் ரோலில் 24 அல்லது 36 படங்கள்தானே, நடுவில் ஒரு எண் இருக்கட்டும் என்று நினைத்தாராம். அளவில்லாமல் எடுக்கலாம் என்பதை அதைக் கண்டுபிடித்தவரே அப்போது மக்களிடம் சொல்லத் துணியவில்லை. (கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது தனிக் கதை.)

1995இல் ஜப்பானில் 'எக்ஸிஃப்' என்ற தரவு முறை வந்தது. படக் கோப்புக்குள்ளேயே தேதி, நேரம், கேமரா மாடல், வெளிச்ச அளவு எல்லாம் எழுதப்படும். பிறகு இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்ந்தன. 1998இல் எல்லாக் கேமராக்களும் படங்களை 'டிசிஐஎம்' என்ற ஒரே பெயருள்ள ஃபோல்டரில், எழுத்தும் எண்ணுமான எட்டெழுத்துப் பெயரில் வைக்க வேண்டும் என்று ஒரு தரம் வந்தது. இன்று உங்கள் போனைக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அதே ஃபோல்டர் கண்ணில் படும். 1999இல் ஜப்பானின் கியோசெரா நிறுவனம் கேமரா வைத்த போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் 20 படங்கள் வைக்கலாம்.

இப்போது அந்த எழுத்தாணியை நினைத்துப் பாருங்கள். 1914இல் மனிதன் எழுதினான். அவன் எழுதியது பெயர். 1995க்குப் பிறகு இயந்திரம் எழுதுகிறது. அது எழுதுவது நேரம். நேரத்தை நொடி சுத்தமாக எழுதும், யார் என்று மட்டும் எழுதாது. நம் போனில் படங்கள் தேதி வரிசையில் நிற்பதற்குக் காரணம், இயந்திரத்துக்கு உறுதியாகத் தெரிந்தது தேதி ஒன்றுதான்.

அந்தத் தேதியும் எப்போதும் சரியாக இருக்காது. ஆச்சியின் கல்யாணப் படத்தை மாமா போன வருடம் போனில் மறுபடி எடுத்தார். அது இப்போது போன வருடத்துத் தீபாவளிப் பட்டாசுக்கும் கேஸ் பில்லுக்கும் நடுவில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த தேதி உட்பட இந்தக் குறிப்புகள் கழன்றுவிடும். வந்து சேர்ந்த நாள்தான் தேதியாக நிற்கும்.

பெயர் தெரிந்துகொள்ள இயந்திரமும் முயன்றது. 2008இல் பிகாசா இணைய ஆல்பத்தில் முகங்களைச் சேர்த்து வைக்கும் வசதி வந்தது. 2015இல் வந்த கூகுள் ஃபோட்டோஸிலும் அது உண்டு. ஆனால் அங்கேயும் இயந்திரம் முகங்களைக் கூட்டமாகச் சேர்த்துவிட்டு, "இது யார்?" என்று நம்மிடம்தான் கேட்கிறது. பதில் சொல்ல ஆள் இருக்கும் வரைக்கும் சரி.

குட்மார்னிங் வெள்ளம்

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் விழுந்தது. பெரியவர்கள் பலர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்தது. தினமும் காலையில் பூவும் சாமியும் வரத் தொடங்கின. இந்தியாவில் ஏன் இத்தனை போன்கள் இடமில்லாமல் திணறுகின்றன என்று கூகுள் ஆட்கள் ஆராய்ந்தபோது, இந்தக் காலை வணக்கப் படங்களே பெரிய காரணம் என்று தெரிந்ததாக 2018 ஜனவரியில் செய்தி வந்தது. அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்கும் இந்தியாவில் மூன்றில் ஒருவருக்கும் தினமும் போனில் இடம் தீர்ந்துபோவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆய்வு ஒன்றும் அதில் சொல்லப்பட்டது. 2017 டிசம்பரில் வந்த 'ஃபைல்ஸ் கோ' செயலியில் இந்தப் படங்களைக் கண்டுபிடித்து நீக்கும் வசதியே வைத்தார்கள்.

நாம் சிரிக்கிறோம். ஆனால் ஆச்சியிடம் கேட்டபோது வேறு பதில் வந்தது. "பூப்படம் வந்தா அவ முழிச்சிட்டான்னு அர்த்தம். ரெண்டு நாளா வரலேன்னா போன் பண்ணிக் கேப்பேன்." அந்த 'அவ' தென்காசியில் தனியாக இருக்கும் ஆச்சியின் சிநேகிதி. பார்த்து முடித்ததும் அழிக்கலாம், அது வேறு. ஆனால் அந்தப் பூவும் ஒரு செய்தியோடுதான் வந்திருக்கிறது.

இரண்டாவது முறை

தப்பைச் செய்துவிட்டு வரலாறு பேசினால் போதுமா? மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை போன் ஆச்சியின் கையில். நான் பக்கத்தில். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒன்பது நாள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உதவப் போகிறீர்கள் என்றால் உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

முதல் வேலை நகல் எடுப்பது. கம்ப்யூட்டரில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று. கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இலவசம் என்றால் மெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான். நகல் எடுக்கும் வரை எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் குப்பைத்தொட்டியைக் காலி செய்யாதீர்கள். அதில், பேக்கப் ஆன படம் 60 நாளும் ஆகாத படம் 30 நாளும் இருக்கும். எனக்கு அந்த 30 நாள் இருந்தது. நானே தூக்கிப் போட்டேன்.

இரண்டாவது, வெள்ளத்தை அடைப்பது. வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதையும், கேலரியில் தெரிவதையும் அமைப்புகளில் நிறுத்தலாம். நிறுத்தினோம். பூ வரும், பார்க்கலாம், மற்ற படங்களோடு கலக்காது.

மூன்றாவது, பெயர். "எப்படிப் பிரிக்கலாம் ஆச்சி?" என்று கேட்டேன். வருடவாரியாக, ஊர்வாரியாக என்று நான் மனதில் வைத்திருந்தேன். ஆச்சி சொன்னது: "இருக்கவுக தனி, போய்ச் சேந்தவுக தனி." பட்டாசல் சுவரின் கணக்கு! அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 'இதே நாளில்' என்று சொல்லிப் போன் ஒருநாள் காலையில் தாத்தாவின் ஆஸ்பத்திரிப் படத்தைத் திடீரென்று காட்டியிருக்கிறது. அன்று முழுக்க ஆச்சி சாப்பிடவில்லையாம். தேதி மட்டும் தெரிந்த இயந்திரத்துக்கு அது வெறும் நினைவூட்டல். அந்த நாட்களை மறைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. தேடி மறைத்தேன்.

ஆக ஐந்து ஆல்பங்கள், தமிழ்ப் பெயரில்: இருக்கவுக, போனவுக, கல்யாணங்கள், பழைய வீடு, மாத்திரைச் சீட்டு. ஐந்துக்கு மேல் வேண்டாம் என்று ஆச்சியே சொல்லிவிட்டார். (மாத்திரைச் சீட்டு என் யோசனை. டாக்டரிடம் போனதும் தேட வேண்டாம்.)

நான்காவது, பெட்டியில் இருந்த பழைய படங்கள். ஜன்னல் ஓரம் வெயில் நேராக விழாத இடத்தில் வைத்து எடுத்தோம். ஒவ்வொரு படத்துக்கும் முதுகையும் சேர்த்து எடுங்கள், தயவுசெய்து. பிறகு செயலியில் தேதியைத் திருத்தி 1966, 1972 என்று மாற்றினேன். கல்யாணப் படம் கேஸ் பில்லிடமிருந்து விடுதலை ஆனது :-)

ஐந்தாவது, குறிப்பு. ஒவ்வொரு படத்தையும் காட்டி யார் என்று கேட்டு, விளக்கம் எழுதும் இடத்தில் தமிழில் தட்டினேன். நீளமான கதை வந்தால் குரல் பதிவு. முகங்களைச் சேர்க்கும் வசதி ஆச்சியின் இருபது வயதுப் படத்தையும் என் சித்தி மகளின் கல்லூரிப் படத்தையும் காட்டி, "இருவரும் ஒருவரா?" என்று கேட்டது. ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அவளுக்கு எம் மூக்குல" என்றார்.

சில முகங்களுக்கு ஆச்சிக்கும் பெயர் வரவில்லை. "தாத்தா இருந்திருந்தா சொல்லிருப்பாக." அப்படி 14 படங்கள். அவற்றை நாங்கள் அழிக்கவில்லை.

முடிவாக

ஸ்டூடியோக்காரர் எண் போட்டார், ஆங்கிலேயர் சாதி போட்டார், தாத்தா பெயர் போட்டார், போன் நேரம் போடுகிறது. அடுக்குகிறவர் எதை முக்கியம் என்று நினைக்கிறாரோ அதுதான் பிழைக்கிறது. நான் அடுக்கிய அன்று தெளிவான படம் பிழைத்தது, மங்கலான படம் செத்தது. எங்கள் பூட்டியின் கணக்கு மங்கலான படத்தில் இருந்தது.

ஆகவே பெரியவர்கள் போனைச் "சுத்தம்" செய்து தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். முதலில் கேளுங்கள், கடைசியில் அழியுங்கள். படம் போனில் இருக்கிறது, அது என்ன என்பது அவர்களிடம் இருக்கிறது. இரண்டாவதற்கு பேக்கப் கிடையாது.

ஒன்பதாம் நாள் 'பழைய வீடு' ஆல்பத்தில் ஆச்சி ஒரு காரியம் செய்யச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளில் தானே பேனாவால் கோடு போட்டார். எத்தனை என்று ஞாபகம் இருந்திருக்கிறது, 23. அந்த மாதம் 23 நாள்தான் பால் வாங்கினார்களாம், அதற்கப்புறம் அவர் இல்லை. அந்தத் தாளைப் படம் எடுத்து ஆல்பத்தில் வைத்தோம். விளக்கத்தில் நான் தட்டியது: "பூட்டி போட்ட பால் கணக்கு. ஆச்சி ஞாபகத்திலிருந்து போட்டது. அசல் படத்தை அழித்தவன் நான்."

நேர்மையான ஆவணம் என்றால் அதையும் எழுத வேண்டும் அல்லவா?

அடுத்த கட்டுரையில் சந்திப்போம். அதற்குள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு படமாவது காட்டி யாரென்று கேட்டுவிடுங்கள்.

பி.கு: இதை ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். "தப்பு பண்ணத எல்லாம் ஊருக்குச் சொல்லணுமால?" என்று கேட்டார். பிறகு, "சரி, சொல்லு. நாலு பேரு அழிக்காம இருப்பான்" என்றார்.